ரூட்டரில் நேட்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

நீடாமங்கலத்தை அடுத்து ஓர் அரிசி ஆலை. குறுவை நெல் லாரி லாரியாக வந்து இறங்கும் புரட்டாசி மாதம். ஆலைக்காரர் குடியிருப்பது மன்னார்குடியில். களத்தில் நெல் காய்வதையும் எடைமேடையில் லாரி நிற்பதையும் செல்லிலேயே பார்த்துக்கொள்வார். ஒரு நாள் கூப்பிட்டார். "தம்பி, போன வாரம் வரைக்கும் கேமரா நல்லாத் தெரிஞ்சுது. இப்ப சுத்திக்கிட்டே நிக்குது. ரெண்டு பேர் வந்து பாத்துட்டாங்க, ரூட்டரையும் புதுசா மாத்தியாச்சு. ஒண்ணும் நடக்கல."

போய் உட்கார்ந்ததும், "அய்யா, எதையும் மாத்துறதுக்கு முன்னாடி ஒரே ஒரு நம்பரைப் பாத்துக்கிறேன்" என்றேன். ரூட்டரின் நிலைப் பக்கத்தில் வேன் முகவரி, அதாவது நெட் ஒயர் உள்ளே வரும் பக்கத்து முகவரி, 100.72 என்று தொடங்கியது. காரணம் அந்த ஒரு வரியிலேயே இருந்தது. இணைப்பு கொடுத்தவர் இடையில் முகவரி தரும் முறையை மாற்றியிருக்கிறார். அதன்பிறகு அந்த ஆலையில் எந்த ரூட்டரை வைத்தாலும், எந்தப் போர்ட்டைத் திறந்தாலும், வெளியிலிருந்து உள்ளே வர வழி கிடையாது. புது ரூட்டருக்குக் கொடுத்த பணம் வீணாய்ப் போனது.

அந்தப் பணம் என் மனசை உறுத்திக்கொண்டே இருந்தது. கடை, ஆலை, இ-சேவை மையம், பள்ளிக்கூடம் என்று நம் பக்கத்தில் ரூட்டர் இல்லாத இடம் இல்லை. நெட் நின்றால் ஆளைக் கூப்பிடுகிறோம், வருகிறவர் கைக்கு வந்த அமைப்பை மாற்றிப் பார்க்கிறார். மாற்றும் முன் அறிகுறியைக் கேட்டால் பாதி வேலை மிச்சம்.

நேட் என்ன செய்கிறது

ஆலையில் தங்கி வேலை பார்க்கும் முப்பது பேருக்கும் தனித்தனி விலாசம் கிடையாது. ஊருக்குக் கடிதம் எழுதினால் ஆலை விலாசத்தையே போட்டு, மே/பா என்று குறிப்பார்கள். கடிதங்களை அஞ்சலில் சேர்க்கும் கணக்குப்பிள்ளை ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து, எந்த எண் யாருடையது என்று ஏட்டில் எழுதிக்கொள்கிறார். பதில் வந்தால் எண்ணைப் பார்த்து உரியவரிடம் சேர்ப்பார். ஏட்டில் இல்லாத எண்ணோடு வந்தால் வாசலோடு திருப்பிவிடுவார்.

நேட் என்னும் முகவரி மாற்றம் இதுதான். 192.168 என்றும் 10 என்றும் தொடங்கும் முகவரிகள், 172.16 முதல் 172.31 வரையுள்ளவை, இவையெல்லாம் உள்வீட்டு முகவரிகள், இணையத்தில் செல்லுபடியாகா. ரூட்டர் அவற்றை நீக்கித் தன் வெளிமுகவரியைப் போட்டு, ஒரு போர்ட் எண்ணோடு ஏட்டில் குறித்து அனுப்புகிறது. ஐபிவி4 எனப்படும் இந்த வகை முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி. பற்றாக்குறை வரும் என்று முன்பே தெரிந்ததால் 1994 மே மாதத்திலேயே இந்த முறையை எழுதி வெளியிட்டார்கள். உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரி 3 அன்று தீர்ந்தது.

இந்தக் கணக்குப்பிள்ளையையும் ஏட்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை அந்த ஏட்டைச் சுற்றியே நடக்கின்றன.

எதற்கும் முன்னால் வேன் முகவரி

வேன் என்பது நெட் ஒயர் உள்ளே வரும் பக்கம். ரூட்டரின் பக்கத்தைத் திறந்து அந்தப் பக்கத்து முகவரியைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே இணைப்பில் கூகுளில் "என் ஐபி முகவரி என்ன" என்று தேடி, ஏதாவது ஒரு தளம் காட்டும் ஐபிவி4 முகவரியையும் குறியுங்கள்.

இரண்டும் ஒன்றாக இருந்தால் உங்களிடம் உண்மையான வெளிமுகவரி இருக்கிறது. வேன் முகவரி 192.168 என்று தொடங்கினால், உங்கள் ரூட்டருக்கு முன்னால் இன்னொரு பெட்டி நேட் செய்கிறது. பெரும்பாலும் ஃபைபர் மோடம்தான். 100.64 முதல் 100.127 வரை இருந்தால் இணைப்பு கொடுப்பவரே பல வாடிக்கையாளர்களை ஒரே வெளிமுகவரிக்குள் அடைத்திருக்கிறார். அந்த வரிசை 2012-ல் இந்த வேலைக்கென்றே ஒதுக்கப்பட்டது. 10 என்று தொடங்கினால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். மோடத்தின் பக்கத்தைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

"ரூட்டருக்கு நெட் வருது, கம்ப்யூட்டருக்கு வரலை"

எதிர்முனை பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங் கருவி ரூட்டருக்குள் இருக்கும். அதில் கூகுளின் 8.8.8.8 முகவரியைப் போட்டால் பதில் வருகிறது. அதே பிங்கைக் கம்ப்யூட்டரில் போட்டால் வரவில்லை. கம்ப்யூட்டருக்கு முகவரி கிடைத்திருக்கிறது, வெளியே போகும் வழியான கேட்வேயும் சரியாக ரூட்டரையே காட்டுகிறது என்றால், பெரும்பாலும் நேட் விதி தவறான வாசலில் உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

மைக்ரோடிக் மாதிரி நாமே விதி எழுதும் ரூட்டர்களில் இதை அடிக்கடி பார்க்கிறேன். நெட் பிபிபிஓஇ வழியாக, யூசர்நேம் பாஸ்வேர்டோடு வருகிறது. மாஸ்கரேட் (வாசலின் முகவரியைத் தானே எடுத்துப்போடும் நேட்) விதியில் வெளிவாசலாக ஈதர்1 என்று போட்டிருப்பார்கள். ஒயர் சொருகியிருப்பது ஈதர்1-ல்தான், ஆனால் பாக்கெட் என்னும் தரவுக் கட்டு வெளியே போவது அதன்மேல் அமைந்த பிபிபிஓஇ வாசல் வழியாக. அதனால் விதி பொருந்துவதே இல்லை. பாக்கெட் 192.168 முகவரியோடே வெளியே போய், வழியில் தூக்கி எறியப்படுகிறது. வெளிவாசலை பிபிபிஓஇ என்று மாற்றினால் அடுத்த நொடி நெட் வரும்.

8.8.8.8-க்குப் பதில் வந்தும் தளத்தின் பெயர் போட்டால் திறக்கவில்லை என்றால் நேட்டைத் தொடாதீர்கள். அது பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சேவையின் கோளாறு. ரூட்டருக்கே பதில் வரவில்லை என்றால் அதுவும் நேட் அல்ல. ஐப்பசி, கார்த்திகை இடிமின்னலுக்குப் பிறகு இப்படி நின்றால் முதலில் ஒயர் சொருகும் வேன் போர்ட்டின் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். போர்ட் மட்டும் கருகிப்போய், ரூட்டரின் மற்ற பாகமெல்லாம் நன்றாக இருப்பது உண்டு.

"புது ரூட்டரைச் சொருகினதும் எல்லாமே நின்னுபோச்சு"

மோடம் 192.168.1.1. கடையில் வாங்கிவந்த ரூட்டரும் 192.168.1.1. இரண்டு பக்கமும் ஒரே தெருப்பெயர் என்றால் ரூட்டருக்கு எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியாது. ரூட்டரின் உள்பக்க முகவரியை 192.168.50.1 மாதிரி ஒன்றாக மாற்றுங்கள். சில ரூட்டர்கள் மோதலைக் கண்டதும் தாமே மாற்றிக்கொள்ளும். அப்போது பழைய முகவரியில் ரூட்டரின் பக்கம் திறக்காது. பயப்பட வேண்டாம், கம்ப்யூட்டரில் கேட்வே என்று காட்டும் எண்தான் புது முகவரி.

இதோடு இரட்டை நேட் போய்விடாது. இரண்டு கணக்குப்பிள்ளைகள், இரண்டு ஏடுகள். பார்ப்பது, படிப்பது, பணம் கட்டுவது எதற்கும் இதனால் தொந்தரவில்லை. வெளியிலிருந்து உள்ளே வரவேண்டிய வேலைக்குத்தான் தொல்லை. அது வேண்டுமென்றால் மோடத்தை நேட் செய்யாத பிரிட்ஜ் முறைக்கு மாற்றி, பிபிபிஓஇ விவரத்தை உங்கள் ரூட்டரில் போடுங்கள். வைஃபை எட்டவில்லை என்பதற்காக மட்டும் இரண்டாவது ரூட்டர் வாங்கியிருந்தால் அதை வைஃபை மட்டும் தரும் ஆக்சஸ் பாயின்ட் முறையில் வைத்துவிடுங்கள். அதற்கு நேட் தேவையே இல்லை.

"கூகுள் திறக்குது, பேங்க் பக்கம் மட்டும் திறக்க மாட்டேங்குது"

வாட்சப் செய்தி போகும், படம் போகாது. சில தளம் உடனே வரும், சில தளம் வெள்ளையாகவே நிற்கும். பேங்க் பக்கத்தைக் குறை சொல்லிக்கொண்டு பல மாதம் ஓட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பிபிபிஓஇ ஒவ்வொரு பாக்கெட்டிலும் 8 பைட்டைத் தனக்கு எடுத்துக்கொள்கிறது. அதனால் 1500 பைட் போகும் வழியில் 1492-தான் போகும். பெரிய பாக்கெட் குறுகலான பாலத்தில் மாட்டிய வண்டி மாதிரி. "பாலம் சின்னது, சுமையைக் குறை" என்று திரும்பிவந்து சொல்லும் ஐசிஎம்பி செய்தியை வழியில் யாரோ ஃபயர்வாலில் அடைத்திருந்தால், அனுப்பியவர் அதே அளவில் அனுப்பிக்கொண்டே இருப்பார். சின்னப் பாக்கெட்டுகள் தாராளமாகப் போகும். அதனால்தான் பிங்கில் எல்லாம் நன்றாகத் தெரிகிறது.

விண்டோஸ் கம்ப்யூட்டரில் பிங் 1.1.1.1 -எஃப் -எல் 1464 என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடித்துப் பாருங்கள். பிறகு 1472. முதலாவது போய், இரண்டாவது போகவில்லை என்றால் உங்கள் வழி 1492. இந்த எண்களோடு தலைப்புக்கான 28 பைட்டைக் கூட்டினால் கணக்கு வரும். ரூட்டரில் வேன் எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 1492 என்றும், டிசிபி எம்எஸ்எஸ் (தலைப்பு போக அதில் சரக்குக்கு உள்ள அளவு) 1452 என்றும் வையுங்கள். எம்எஸ்எஸ் கிளாம்ப் என்ற தேர்வு இருந்தால் அதைப் போட்டாலே போதும்.

"வெளியூர்லேர்ந்து கேமரா தெரியலை"

அதிகம் கேட்கும் புகார் இதுதான், அதிகம் பணம் போவதும் இதில்தான். வரிசையை மாற்றாமல் போங்கள்.

வேன் முகவரி 100.64 முதல் 100.127-க்குள் இருந்தால் நிறுத்திவிடுங்கள். ரூட்டரில் செய்ய ஒன்றுமில்லை. அந்த வெளிமுகவரியின் ஏடு சேவைதாரரிடம் இருக்கிறது; அதில் உங்களுக்காக ஒரு வரி எழுத உங்களால் முடியாது. வழிகள் மூன்று. டிவிஆர் (கேமராப் படத்தைப் பதியும் பெட்டி) தயாரித்தவரின் செயலியில் கியூஆர் கோடு மூலம் சேர்ப்பது. இங்கே டிவிஆரே வெளியே போய்ப் பேசுவதால் நேட் தடுக்காது. இல்லையென்றால் சேவைதாரரிடம் நிலையான வெளிமுகவரி கேட்டு மாதக் கட்டணம் கட்டுவது. மூன்றாவது, ரூட்டரே வெளியே இருக்கும் ஓர் இடத்தோடு விபிஎன் என்னும் தனிச் சுரங்கவழி போட்டுக்கொள்வது. நீடாமங்கலத்து ஆலைக்கு முதல் வழியே போதுமானதாக இருந்தது. கால் மணி நேர வேலை.

உண்மையான வெளிமுகவரி இருந்தால் போர்ட் ஃபார்வர்டிங் செய்யலாம். இன்ன எண்ணோடு வரும் கடிதத்தை இன்னாரிடம் கொடு என்று ஏட்டில் முன்கூட்டியே ஒரு நிரந்தர வரி எழுதுவதுதான் அது. எழுதியும் தெரியவில்லை என்றால் செல்லில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் சோதியுங்கள். ஆலைக்குள் உட்கார்ந்து அதே வைஃபையில் சோதித்தால் அது வேறு கதை, பின்னால் சொல்கிறேன்.

சோதிக்கும்போதே ரூட்டரில் அந்த விதியின் பாக்கெட் எண்ணிக்கை ஏறுகிறதா என்று பாருங்கள். எண்ணிக்கை காட்டும் ரூட்டர் இருந்தால் இதைவிட நல்ல சோதனை கிடையாது. பூஜ்யத்திலேயே நின்றால் பாக்கெட் உங்கள் வாசலுக்கே வரவில்லை. முன்னால் இன்னொரு நேட் இருக்கிறது, அல்லது சேவைதாரர் அந்தப் போர்ட்டை அடைத்திருக்கிறார். வேறு வெளிப்போர்ட் எண்ணைப் போட்டுப் பாருங்கள். எண்ணிக்கை ஏறியும் படம் வரவில்லை என்றால் கோளாறு உள்ளே. ஃபயர்வால் அனுமதிக்கிறதா என்று பார்த்துவிட்டு நேரே டிவிஆருக்குப் போங்கள்.

டிவிஆரில் எல்லோரும் முகவரியைப் பார்ப்பார்கள், கேட்வேயைப் பார்க்க மாட்டார்கள். ரூட்டர் மாற்றும்போது அது 192.168.1.1-லிருந்து 192.168.0.1 ஆகியிருக்கும். டிவிஆர் முகவரியை யாரோ கையால் மாற்றியிருப்பார், கேட்வே மட்டும் பழையதாகவே இருக்கும். ஆலைக்குள் படம் அருமையாகத் தெரியும். வெளியிலிருந்து வரும் கடிதமும் டிவிஆருக்குப் போய்ச் சேரும். பதிலை யாரிடம் கொடுப்பது என்றுதான் அதற்குத் தெரியாது. இந்த ஒரு வரிக்காக அரை நாள் தேடியவர்கள் உண்டு.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். போர்ட்டைத் திறப்பது வாசலைத் திறப்பது. 2016-ல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் டிவிஆர்களையும் உலகம் முழுக்கப் பிடித்து, அக்டோபர் 21 அன்று டைன் நிறுவனத்தின் டிஎன்எஸ் சேவையை முடக்கியது. அந்தப் பெட்டிகளின் சொந்தக்காரர்கள் நம்மைப் போன்ற சாதாரண மனிதர்கள்தான். பாஸ்வேர்ட் மாற்றாத டிவிஆருக்கு நான் போர்ட் திறந்து தருவதில்லை. டிஎம்இசட் என்ற தேர்வை யாராவது போடச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அது எல்லா எண்ணையும் ஒரே பெட்டிக்குத் திறந்துவிடும்.

"எந்த வெப்சைட் போட்டாலும் டிவிஆர் பக்கம்தான் வருது"

பார்த்தால் வைரஸ் மாதிரி தெரியும். வெப்சைட்டுகளுக்கான போர்ட் 80-க்கு வருவதையெல்லாம் டிவிஆருக்கு அனுப்பு என்று எழுதியவர், எந்த வாசல் வழியாக வருவதை என்று குறிக்கவில்லை. அதனால் உள்ளிருந்து வெளியே போகும் பாக்கெட்டும் டிவிஆருக்குத் திரும்பிவிடுகிறது. பாதுகாப்பான தளங்களுக்கான 443-க்கு எழுதியிருந்தால் எல்லாத் தளத்திலும் சான்றிதழ் எச்சரிக்கை வரும். விதியில் உள்வரும் வாசலாக வேனைக் குறித்தால் தீர்ந்தது.

"வெளியில தெரியுது, ஆலைக்குள்ள வைஃபையில தெரியலை"

மேலே தள்ளிவைத்த கதை இதுதான். உள்ளே இருக்கும் செல், ஆலையின் வெளிமுகவரிக்குக் கடிதம் எழுதுகிறது. ரூட்டர் அதைத் திருப்பி உள்ளே டிவிஆரிடம் கொடுக்கிறது. அனுப்பியவர் பக்கத்து அறைக்காரர் என்பதைப் பார்த்த டிவிஆர், ரூட்டரைக் கேட்காமல் நேராகப் பதில் கொடுத்துவிடுகிறது. செல் எதிர்பார்த்தது வெளிமுகவரியிலிருந்து, வந்தது 192.168-லிருந்து. இது நான் கேட்ட பதில் இல்லை என்று செல் தள்ளிவிடுகிறது.

நேட் லூப்பேக் அல்லது ஹேர்பின் என்ற தேர்வு ரூட்டரில் இருந்தால் அதைப் போடுங்கள். மைக்ரோடிக்கில் உள்ளிருந்து டிவிஆருக்குப் போவதற்கும் ஒரு மாஸ்கரேட் விதி வேண்டும். முன் சொன்ன ஃபார்வர்டிங் விதியிலும் உள்வரும் வாசலுக்குப் பதில் வெளிமுகவரியைக் குறிக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளிருந்து வருவது அதில் பொருந்தாது. இரண்டும் முடியாவிட்டால் செயலியில் டிவிஆரை இரண்டு முறை சேருங்கள், ஆலைக்குள் பார்க்க உள்முகவரியில் ஒன்று, வெளியே பார்க்க ஒன்று.

"நாம பேசுறது அவங்களுக்குக் கேக்குது, அவங்க பேசுறது நமக்குக் கேக்கலை"

நெட் வழியாகப் பேசும் மேசைத் தொலைபேசிகளில் வரும் நோய். சிப் என்ற முறையில், எந்த முகவரிக்குக் குரலை அனுப்ப வேண்டும் என்பது கடிதத்துக்குள்ளேயே எழுதப்படுகிறது. நேட் மாற்றுவது உறைமேல் உள்ள விலாசத்தைத்தான், உள்ளே 192.168 என்றே இருக்கும். இதைச் சரிசெய்யத்தான் பல ரூட்டர்களில் சிப் ஏஎல்ஜி என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அது கடிதத்தைப் பிரித்துத் திருத்துகிறது. பல நேரம் தப்பாகத் திருத்துகிறது. என் அனுபவத்தில் அதை அணைப்பதே முதல் மருந்து. பிறகு தொலைபேசி தன் வெளிமுகவரியைத் தானே கேட்டறியும் ஸ்டன் அமைப்பையும், 20 நொடிக்கு ஒருமுறை உயிர்ச்செய்தி அனுப்புவதையும் போடுங்கள்.

20 நொடி ஏன்? இந்தத் தொலைபேசிகள் பேசும் யுடிபி முறையில் பேச்சுக்கு முடிவு என்று ஒன்று கிடையாது. அதனால் ரூட்டர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஏட்டில் அந்த வரியை அடித்துவிடும். 2007-ல் வந்த ஆர்எஃப்சி 4787 என்னும் இணைய விதி ஆவணம், இரண்டு நிமிடத்துக்குக் குறையக் கூடாது என்கிறது. ஆனால் பல ரூட்டர்கள் ஓடுகிற லினக்ஸில், ஒரு பக்கம் மட்டும் பேசிய வரிக்கு இயல்பான ஆயுள் 30 நொடிதான். அழைப்பு வராமலே போவதற்கும், நாம் ஒருமுறை கூப்பிட்டதும் கொஞ்ச நேரம் வருவதற்கும் இதுவே காரணம்.

தலைமையிடத்தில் இருக்கும் கணக்கு மென்பொருளைத் தூரத்திலிருந்து திறந்துவைத்து, டீ குடித்துவிட்டு வருவதற்குள் அறுந்துபோவதும் இதே குடும்பம்தான். இவை பேசும் டிசிபி முறைக்கு ஏட்டில் ஆயுள் அதிகம், லினக்ஸ் ஐந்து நாள் தருகிறது. ஆனால் வழியில் இருக்கும் சேவைதாரரின் ஏடு அவ்வளவு பொறுக்காது. மென்பொருளில் கீப்அலைவ் என்னும் உயிர்ச்செய்தியை 60 நொடிக்கு வையுங்கள். விண்டோஸின் இயல்பான இரண்டு மணி நேரம் இதற்கு உதவாது.

"சாயங்காலமானா எல்லாருக்கும் நிக்குது"

ஏற்கெனவே திறந்த தளம் ஓடுகிறது, புதிதாக எதுவும் திறக்கவில்லை என்றால் ஏடு நிரம்பிவிட்டது. ரூட்டரின் பதிவேட்டில் கான்ட்ராக் டேபிள் ஃபுல் (ஏடு நிரம்பியது) என்ற வரியைத் தேடுங்கள். எந்த உள்முகவரி எத்தனை வரி பிடித்திருக்கிறது என்று பாருங்கள். ஒரு செல்லோ கம்ப்யூட்டரோ சில நூறு பிடிப்பது சகஜம். ஒரே பெட்டி பல ஆயிரம் பிடித்திருந்தால் அது டாரன்ட் பதிவிறக்கம் அல்லது நோய்பட்ட கருவி. அதன் ஒயரை உருவுங்கள், ஊரே மூச்சுவிடும். உங்கள் ஏடு காலியாக இருந்தும் இதே அறிகுறி என்றால் சேவைதாரரின் பக்கம் ஒரு வாடிக்கையாளருக்கு இத்தனை போர்ட் என்ற வரம்பு தட்டியிருக்கலாம். கூகுள் அடிக்கடி "நீங்கள் மனிதர்தானா" என்று கேட்பதும் பலர் ஒரே முகவரியில் இருப்பதற்கான அடையாளம். ஐபிவி6 என்னும் புது முகவரி முறை கிடைக்கிறதா என்று சேவைதாரரைக் கேளுங்கள். கிடைத்தால் பாதிப் போக்குவரத்து நேட்டைத் தொடாமலே போய்விடும். ஆனால் வெளியாள் நேரே உள்ளே வராதிருக்க ரூட்டரில் ஐபிவி6 ஃபயர்வால் போட்டிருக்க வேண்டும்.

"கரண்ட் போய் வந்தா ஒவ்வொண்ணா கெட்டுப்போகுது"

இதில் மூன்று தனிக் கோளாறுகள் ஒன்றாக வருகின்றன. ரூட்டர் முகவரிகளைப் புதிதாகப் பங்கிடும்போது டிவிஆருக்கு வேறு எண் விழுகிறது, ஃபார்வர்டிங் யாருடைய செல்லுக்கோ போகிறது. டிவிஆரின் மேக் முகவரிக்கு (கருவியிலேயே பதிந்த எண்) நிரந்தர ஒதுக்கீடு செய்தால் இது வராது. இரண்டாவது, வெளிமுகவரி மாறிவிடுகிறது. அதற்கு, முகவரி மாறினாலும் அதையே காட்டும் டைனமிக் டிஎன்எஸ் பெயர் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். மோடம் மட்டும் அணைந்து, ரூட்டர் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தால் ஏட்டில் பழைய வெளிமுகவரியோடு வரிகள் நிற்கும். வெளிமுகவரியை எண்ணாகவே எழுதிய நேட் விதி என்றால் அவை அழிவதில்லை. மாஸ்கரேட் என்றால் வாசல் அறுந்ததும் அழிந்துவிடும். அதனால் மாறும் முகவரி உள்ள இணைப்பில் மாஸ்கரேட்டையே போடுங்கள். முன்பே எழுதிய விதியை மாற்ற ஆள் வரும்வரை, மேசைத் தொலைபேசியின் மின்சாரத்தை உருவி ஐந்து நிமிடம் விட்டுச் சொருகுங்கள். 20 நொடிக்கு ஒருமுறை அது அனுப்பும் உயிர்ச்செய்திதான் அந்தப் பழைய வரியைச் சாகவிடாமல் வைத்திருக்கிறது.